முதல் துப்பாக்கி எது?

காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் ஒரு கிராமம். வீராணம் ஏரிக்கரையை ஒட்டி வீடு. வீட்டுக்காரர் விவசாயி. அவருக்கு ஒரே மகன். வயது 17.

2024-ம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தை அந்தப் பையன் டெலிவிஷனில் பார்த்தான். பறக்கும் தட்டைத் துப்பாக்கியால் சுட்டு நொறுக்குகிறார்களே, அந்தப் போட்டி அவன் மனதைப் பிடித்துக்கொண்டது. சுட்டவர்களில் ஒருவர் தமிழர், புதுக்கோட்டைக்காரர். அன்று முதல் பையனுக்கு வேறு பேச்சே இல்லை.

"எனக்கும் ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடுங்கப்பா!"

தகப்பனார் நம்மிடம் வந்தார்.

"சார், எங்க அப்பா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒண்ணு இருக்கு. அதையே துடைச்சுக் கொடுத்துடலாமா? இல்லே, ஒரு காணியை அடகு வெச்சுப் புதுசா வாங்கணுமா?"

இரண்டுமே வேண்டாம் என்பது நம் கருத்து. ஏன் என்று சொல்லுகிறோம்.

மண் புறா

இந்த விளையாட்டுக்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்த பெயர் 'களிமண் புறா' சுடுதல். புறாவுக்கும் தட்டுக்கும் என்ன சம்பந்தம்?

முன்பு உண்மையான புறாவையே சுட்டார்கள்! பெட்டியில் அடைத்து வைத்திருப்பார்கள். கயிற்றை இழுத்தால் பெட்டி திறக்கும். புறா பறக்கும். சுட்டு வீழ்த்த வேண்டும். 1900-ம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கின்போதுகூட இப்படி ஒரு போட்டி நடந்தது. நூற்றுக்கணக்கான புறாக்கள் செத்தன. பெல்ஜியம் நாட்டுக்காரர் ஒருவர் 21 புறாக்களைச் சுட்டு முதலாவதாக வந்தார். பார்த்தவர்களுக்கே அருவருப்பாகப் போய்விட்டது. 1921-ல் இங்கிலாந்து இந்த வழக்கத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது.

அதற்குள் மாற்று வழி பிறந்துவிட்டது. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தைச் சேர்ந்த லிகோவ்ஸ்கி என்பவர் 1880-ல் களிமண் தட்டு ஒன்று செய்தார். நம் பிள்ளைகள் ஏரியில் ஓட்டாஞ்சில்லை வீசி விளையாடுகிறார்கள் அல்லவா? தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போகுமே, அதைப் போலத்தான் இந்தத் தட்டும் காற்றில் மிதந்து பறந்தது.

இப்போது தட்டில் களிமண் கிடையாது. தார் போன்ற ஒரு பொருளையும் சுண்ணாம்புக்கல் தூளையும் கலந்து செய்கிறார்கள். அகலம் 11 சென்டிமீட்டர். எடை 105 கிராம். வீசினால் உடையாது, ரவை பட்டால் நொறுங்கிவிடும்.

'டிராப்' என்ற போட்டியில் சுடுகிறவர் நிற்கும் இடத்துக்கு 15 மீட்டர் முன்னால் ஒரு பள்ளம் இருக்கும். அதற்குள் எந்திரங்கள். அவர் குரல் கொடுத்ததும் ஏதோ ஒன்றிலிருந்து தட்டு கிளம்பும். எது என்று முன்கூட்டித் தெரியாது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் அவரைவிட்டு விலகி ஓடும். ஒரு விநாடி தாமதித்தால் போச்சு! 'ஸ்கீட்' என்பது இன்னொரு போட்டி. அதில் இடமும் வலமும் இருக்கும் இரண்டு கூண்டுகளிலிருந்து தட்டுகள் குறுக்கே பறக்கும்.

கண்தான் குறிமுள்

ரைபிளுக்குக் குறி பார்க்க முன்னும் பின்னும் அடையாளம் உண்டு. பறக்கும் தட்டைச் சுடும் துப்பாக்கிக்குக் குழல் நுனியில் ஒரு சின்ன மணி மட்டுமே உண்டு. பின்னால் ஒன்றும் இல்லை.

அப்படியானால் பின்பக்கத்துக் குறிமுள் எது? சுடுகிறவன் கண்தான்!

இதைப் புரிந்துகொண்டால் போதும், துப்பாக்கி தேர்ந்தெடுக்கும் வித்தையில் பாதி தெரிந்த மாதிரி. கண் எங்கே நிற்கிறதோ அங்கேதான் ரவை போகும். கண்ணை நிறுத்துவது கன்னம். கன்னம் படுவது துப்பாக்கியின் பின்கட்டையில். ஆகவே கட்டை ஆளுக்குப் பொருந்த வேண்டும். கட்டை தாழ்வாக இருந்தால் ரவை தட்டுக்குக் கீழே போகும். உயரமாக இருந்தால் தலைக்குமேல் போகும். நீளம் அதிகமானால், தோளுக்குத் தூக்கும்போது சட்டையில் மாட்டிக்கொள்ளும். குறைந்தால், சுட்டவுடன் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். முதல் நாளே மூக்கில் ரத்தம் பார்த்த பையன் மறுநாள் வருவானா?

தையற்காரரிடம் போனால் அளவெடுக்காமல் சட்டை தைக்கச் சொல்லுகிறோமா? இதுவும் அப்படித்தான். சுமாரான அளவை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். முழங்கையை மடித்துக்கொள்ள வேண்டும். மடிப்பின் உட்பக்கத்திலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை எத்தனை அங்குலம்? கட்டையின் அடியிலிருந்து விசை வரை ஏறக்குறைய அந்த நீளம் இருக்க வேண்டும். மற்றதைப் பயிற்சியாளர் தோளில் வைத்துப் பார்த்துச் சொல்லுவார். 17 வயதுப் பையன் இன்னும் வளருவான். அதனால் ரப்பர் வைத்து நீட்டிக்கொள்ளக்கூடிய கட்டையே நல்லது.

இன்னொரு பரீட்சை உண்டு. இதற்குச் செலவே இல்லை. காட்டுமன்னார்கோயில் வீரநாராயணப் பெருமாள் கோயில் கோபுரத்துக்கு எதிரே பையனை நிறுத்துங்கள். இரண்டு கண்ணையும் திறந்தபடி கோபுர உச்சியை விரலால் சுட்டட்டும். பிறகு இடது கண்ணை மூடட்டும். விரல் உச்சியிலேயே நின்றால் அவனுக்கு வலது கண்தான் எசமான். விரல் விலகி நின்றால் இடது கண் எசமான். வலது கைக்காரனுக்கு இடது கண் எசமானாக இருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த துப்பாக்கியானாலும் குறி தப்பும். இதைத் தெரிந்துகொள்ளாமலே வருஷக்கணக்கில் தோட்டாவை வீணாக்கியவர்கள் உண்டு!

தாத்தா துப்பாக்கி

இனிப் பெட்டியில் இருக்கும் இரட்டைக் குழலுக்கு வருவோம்.

முதலில் சட்டம். தாத்தாவுக்குக் கொடுத்த லைசென்சு தாத்தாவோடு முடிந்தது. அவர் காலமான பிறகு துப்பாக்கியைத் தாமதமின்றிப் போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு வேண்டுமானால் தன் பெயரில் மனுப் போடலாம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் சொல்லுவது இது. "பரம்பரைச் சொத்து" என்று பரண்மேல் வைத்திருந்தால் அது குற்றம். தகப்பனாரைக் கேட்டோம். நல்ல வேளையாக அவர் தம் பெயருக்கு லைசென்சு வாங்கியிருக்கிறார். தேர்தல் வரும்போதெல்லாம் போலீஸ் நிலையத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறார்.

சரி, சட்டம் ஆயிற்று. அந்தத் துப்பாக்கியால் தட்டைச் சுடலாமா?

அது வயலில் நாளெல்லாம் தூக்கி அலைவதற்காகச் செய்தது. எடை குறைவு. எடை குறைந்தால் உதை அதிகம். வேட்டைக்காரன் ஒரு நாளில் ஐந்து, பத்து முறை சுடுவான். தட்டுச் சுடுகிறவன் ஒரு சுற்றுக்கு 25 தட்டு வீதம் நான்கு சுற்று சுட்டாலே 100 தட்டு. நூறு உதையை எந்தத் தோள் தாங்கும்? ஆகையால்தான் போட்டித் துப்பாக்கிகளை மூன்றரைக் கிலோவும் அதற்கு மேலும் கனமாகச் செய்கிறார்கள்.

வேறு ஆபத்தும் உண்டு. மிகப் பழைய குழல்கள் சிலவற்றை இரும்புப் பட்டைகளை முறுக்கிச் செய்தார்கள். அவை கருமருந்துக் காலத்துக் குழல்கள். இன்றைய தோட்டாவைப் போட்டால் வெடித்துவிடலாம். தோட்டா உட்காரும் அறையும் பழைய துப்பாக்கிகளில் இரண்டரை அங்குலமாக இருக்கும். இன்று பொதுவாகக் கிடைப்பதோ இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா. உள்ளே நுழைகிறதே என்று சுட்டுவிடக் கூடாது. துப்பாக்கி பழுதுபார்க்கும் நிபுணர் பார்த்துச் சொல்லும்வரை அதில் ஒரு தோட்டாகூடப் போட வேண்டாம்.

பெயரைப் பார்த்து மயங்காதீர்!

போட்டிகளில் பெரும்பாலோர் வைத்திருப்பது 12 போர் துப்பாக்கி. குழல்கள் பக்கம் பக்கமாக இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். கண்ணுக்கு ஒரே கோடு தெரியும் என்பது அதில் ஒரு வசதி. மடக்கித் திறந்துவிட்டால், உள்ளே தோட்டா இல்லை என்பது பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும். பிள்ளைகள் பழகும் இடத்தில் இந்த இரண்டாவது வசதிதான் பெரிது.

குழலின் நீளம் 28 முதல் 32 அங்குலம் வரை உண்டு. குழல் வாய் சற்றுக் குறுகலாக இருந்தால் ரவை சிதறாமல் தூரம் போகும். டிராப்புக்கு அது வேண்டும். ஸ்கீட்டில் தட்டு கிட்டத்தில் பறப்பதால் அகன்ற வாயே நல்லது. எந்தப் போட்டி என்று முடிவு செய்யாமல் துப்பாக்கி வாங்குவது, மாடா குதிரையா என்று தெரியாமல் வண்டி செய்யக் கொடுத்த மாதிரி!

பெரெட்டா, பெராசி என்று இத்தாலி நாட்டுப் பெயர்களைப் பையன் இப்போதே மனப்பாடமாகச் சொல்லுகிறானாம். நல்ல துப்பாக்கிகள்தான். பெரெட்டா குடும்பத்தார் 1526-ம் ஆண்டிலிருந்து குழல் செய்கிறவர்கள். ஆனால் விலை பல லட்சம். நினைத்தவுடன் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவும் முடியாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். பையனுக்கு 21 வயது ஆகும்வரை சாதாரணமாகச் சொந்த லைசென்சும் கிடைக்காது. மேற்பார்வையில் பயிற்சிக்காகச் சுடுவதற்குச் சட்டத்தில் வழி உண்டு.

பணம் தின்பது துப்பாக்கி அல்ல, தோட்டா! துப்பாக்கி ஒரு முறை வாங்குவது. தோட்டா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாங்குவது. காணியைத் துப்பாக்கிக்குக் கொடுத்துவிட்டால் தோட்டாவுக்கு எதைக் கொடுப்பது?

ஏரிக்கரை வேண்டாம்

"நம்ம ஏரிக்கரை காலியாத்தானே கிடக்கு, அங்கேயே பழகலாமே" என்று பையன் சொல்லியிருக்கிறான்.

தம்பி, கூடவே கூடாது!

ஒரு தோட்டாவில் 24 கிராம் ஈய ரவை இருக்கிறது. எண்ணினால் 300-க்குக் கிட்டத்தட்ட வரும். தட்டில் படுவது சில. மீதி எல்லாம் தண்ணீரிலும் சேற்றிலும் விழும். ஈயம் நஞ்சு. குளிர்காலத்தில் வந்து இறங்கும் வாத்துகள் கல் பொறுக்கித் தின்னும்போது ரவையையும் விழுங்கும். மெல்ல மெல்லச் சாகும். சோழர் காலத்தில் வெட்டிய ஏரி வீராணம். 2004-ம் ஆண்டு முதல் சென்னைக்கும் அதிலிருந்து குடிநீர் போகிறது. அதில் ஈயத்தைக் கொட்டலாமா? கரையில் ஆடு மேய்க்கிறவர்களும் நாற்று நடுகிறவர்களும் இருக்கிறார்கள். ரவை இருநூறு மீட்டருக்கு மேலும் போகும்.

கையில் துப்பாக்கி, கண்ணெதிரே வாத்துக் கூட்டம்! இந்தச் சோதனையையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஏரிப் பறவைகளைச் சுட்டு விற்றதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று அது சிறைக்குப் போகும் குற்றம்.

மன்னர் வீட்டு விளையாட்டா?

இது மன்னர்கள் வளர்த்த விளையாட்டு. பிகானீர் மகாராஜா கர்னி சிங் 1962-ல் கெய்ரோ நகரில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பாரிசில் சுட்ட நம் பிருத்விராஜ் தொண்டைமான், புதுக்கோட்டை மன்னர் பரம்பரை. பாரிசில் இறுதிச் சுற்றுக்கு அவர் வரவில்லை. ஆனால் அதற்கு முன் 2023-ல் சீனாவில் ஹாங்சோ நகரில் நடந்த ஆசியப் போட்டியில், டிராப் குழுவுக்குக் கிடைத்த தங்கத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

விவசாயி மகனுக்கு இதில் இடம் உண்டா? உண்டு. 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் ராணுவ அதிகாரி. பட்டாளத்தில் இருந்தபடியே மேலே வந்தவர். அவரவர் சொந்தத் துப்பாக்கியோடுதான் வர வேண்டும் என்றால், வாசற்படியிலேயே பாதிப் பிள்ளைகள் திரும்பிப் போவார்கள். சுடும் கழகங்கள் ஒவ்வொன்றும் கட்டையின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய இரண்டு துப்பாக்கிகளைப் புதியவர்களுக்கென்று தனியாக வைக்க வேண்டும். முதல் சில சுற்றுகளுக்குத் தோட்டாச் செலவை அரசாங்கம் ஏற்க வேண்டும். ஸ்டேடியம் கட்டுகிற செலவோடு பார்த்தால் இது ஒரு செலவா?

தகப்பனாருக்கு நாம் சொன்னது இதுதான். காணி இருக்கட்டும். பத்திரத்தைப் பெட்டியிலேயே வையுங்கள். கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போனால் புதுக்கோட்டை. அங்கே ராயல் புதுக்கோட்டை ஸ்போர்ட்ஸ் கிளப் தட்டுச் சுடும் திடல் வைத்திருக்கிறது. முதலில் கடிதம் எழுதிக் கேளுங்கள். பையனை அழைத்துப் போய் ஒரு நாள் முழுதும் சும்மா பார்க்க விடுங்கள். காதுக்கு அடைப்பானும் கண்ணுக்குக் கண்ணாடியும் மட்டும் சொந்தமாக வாங்கிக் கொடுங்கள். கழகத்துத் துப்பாக்கியில் ஒரு வருஷம் பழகட்டும். 25 தட்டில் 15 உடைக்கிறானா, தோள் வலிக்கிறதா, இன்னும் ஆசை இருக்கிறதா என்று பாருங்கள். துப்பாக்கிப் பேச்சு அப்புறம்.

"பஸ் செலவோட போச்சு!" என்றார் தகப்பனார். எழுந்து நின்றவர், வாசலில் திரும்பிக் கேட்டார்: "சார், முழங்கை அளவு சொன்னீங்களே, உட்பக்கமா, வெளிப்பக்கமா?"

உட்பக்கம்தான்.