பத்திரம் ஒரு பக்கம், பட்டா ஒரு பக்கம்

சென்ற மாதம் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் பழைய நண்பர் ஒருவரைப் பார்த்தேன். கையில் மஞ்சள் பை, அதில் கத்தையாகக் காகிதங்கள்.

"என்ன சார், இந்த வெயில்ல?"

"அப்பா பேர்ல இருக்கிற பட்டாவை மாத்த அலையறேன். அவர் போய் இருபது வருஷம் ஆச்சு. கம்ப்யூட்டர்ல இன்னும் உயிரோடதான் இருக்கார்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வீட்டில் மனைவிக்கு மூட்டு ஆபரேஷன் செய்ய வேண்டும். கொள்ளிடக் கரைப் பக்கம் உள்ள இடத்தை விற்கலாம் என்றால், வருகிறவர் எல்லாம் முதலில் கேட்பது பட்டாவைத்தான்.

அண்ணன் தம்பிகள் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் முறையாகப் பதிவாகியிருக்கிறது. வில்லங்கச் சான்றிலும் அது வருகிறது. ஆனால் பத்திரம் பதிவுத்துறையில், பட்டா வருவாய்த்துறையில். இறப்புச் சான்று மாநகராட்சியில், வாரிசுச் சான்று தாசில்தாரிடம். நான்கும் இன்று கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியாது. நடுவில் ஓடுவது என் நண்பரின் கால்கள்.

கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் உறவுக்காரப் பையனிடம் இது பற்றிக் கேட்டேன். 1970-லேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் காட் என்பவர் இதற்கு வழி சொல்லிவிட்டாராம். ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாளம் வேண்டும். மற்ற இடங்களில் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதாமல், அந்த அடையாளத்தை மட்டும் குறித்தால் போதும். ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் சரியாகிவிடும். பெயரையே நகல் எடுத்து வைத்தால், ஒன்றில் 'சீனிவாசன்', மற்றொன்றில் 'ஸ்ரீநிவாசன்' என்று நிற்கும். இயந்திரத்துக்கு அவர்கள் இரண்டு பேர்.

"அதான் இப்ப எல்லாம் கிளவுடுக்குப் போயிடுச்சே?" என்றேன்.

"கிளவுடுங்கிறது அலமாரி இருக்கிற இடம்தான், பெரியப்பா. எந்தக் காகிதம் எதோட சேரணும்னு நாமதான் சொல்லணும். சில வகை டேட்டாபேஸ் அந்த உறவைத் தானாச் சரிபார்க்கவும் செய்யாது" என்றான்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். உட்பிரிவு தேவைப்படாத கிரயங்களில் பத்திரம் பதிவானதும் பட்டா தானாக மாறும் வசதி வந்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் விற்பவர் பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். பட்டா இறந்தவர் பெயரில் இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

இறப்பு பதிவானவுடனே பட்டாவைத் தானாக மாற்றிவிடக் கூடாதுதான். வாரிசு யார் என்று மனிதர் விசாரித்தே ஆக வேண்டும். இல்லையென்றால் முந்திக்கொண்டவருக்குச் சொத்து என்றாகிவிடும். நான் கேட்பது அதுவல்ல. இறப்புப் பதிவானதும் அந்தப் பட்டாவில் ஒரு குறிப்பு ஏறட்டும். வாரிசுகளுக்குத் தகவல் போகட்டும். ஒரு துறை கொடுத்த சான்றை இன்னொரு துறை தானே பார்த்துக்கொள்ளட்டும். அதை ஜெராக்ஸ் எடுத்து நாம் ஏன் சுமக்க வேண்டும்?

அதுவரை நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். பத்திரம், பட்டா, ஆதார் மூன்றையும் ஒரு நாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரும் இனிஷியலும் சர்வே எண்ணும் ஒத்துப்போகின்றனவா? இல்லையென்றால் நாம் இருக்கும்போதே திருத்திவிடலாம். அந்த மஞ்சள் பை நம் பிள்ளைகள் கைக்குப் போக வேண்டாம்.