இசையும் நாமும்: ரியில் தொடங்கும் ஜாஸ்



சங்கீதம் பயின்ற எமது பெண்பிள்ளைகள் சிலர் கிற்றாரும் பழகுகிறார்கள். ஆனால் பாட்டுக்கு நாலைந்து கோட் பிடிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஜாஸ் என்றால், “அது வெள்ளைக்காரர் சங்கதி, எங்களுக்குச் சரிவராது” என்கிறார்கள். ஜாஸை வளர்த்தவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். அதன் ஒரு வாசல் எமது வீட்டுப் பக்கமாகவே திறந்திருக்கிறது.

சங்கராபரணத்தின் ஏழு சுரங்களையும் எடுங்கள். ஒன்றையும் மாற்ற வேண்டாம். ரியைப் புதிய சட்சமாக வைத்து அங்கிருந்து ஏறி இறங்குங்கள். கரகரப்பிரியாவின் சுரங்கள் பிறக்கும். ஜாஸ் கலைஞர்கள் இதை டோரியன் என்பார்கள். நாம் கிரகபேதம் என்போம். குரல் திரிந்து பாலைகள் பிறக்கும் பழந்தமிழ் முறையை, நாவற்குடாவுக்கு அருகே கல்லடியில் துயிலும் சுவாமி விபுலானந்தர் 1947இல் வெளியான யாழ் நூலில் ஆராய்ந்திருக்கிறார்.

இனிக் கிற்றாருக்கு வருவோம். மெல்லிய தந்தியை ஒன்றாக எண்ணுங்கள். நாலாம் தந்தியை வெறுமனே மீட்டினால் ச. அதன் 2ஆம், 3ஆம் பிரெட்டுகள் ரி, க. மூன்றாம் தந்தி வெறுமனே ம. 2ஆம் பிரெட் ப. இரண்டாம் தந்தி வெறுமனே த. 1ஆம் பிரெட் நி. 3ஆம் பிரெட் மேற் ச. முதலில் வாயால் பாடி, பின் விரலால் தேடுங்கள்.

மைல்ஸ் டேவிஸ் 1959இல் பதிவு செய்த “சோ வட்” இந்தச் சுரவரிசையில்தான் நடக்கிறது. 16 அளவு இதே இடத்தில், அடுத்த 8 அளவு எல்லாச் சுரமும் ஒரு பிரெட் மேலே, கடைசி 8 அளவு மீண்டும் பழைய இடம். கோட்டுகள் அடிக்கடி மாறாததால் புதிதாகப் பழகுபவருக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். சுரம் ஒன்றென்றாலும் நடை வேறு. இங்கே கமகத்தைக் குறைத்து, தாளத்தில் இடைவெளி விட்டு வாசிக்க வேண்டும். நாலு சுரத்தில் ஒரு சிறு கேள்வி, பிறகு மௌனம், பிறகு பதில் என்று முயலுங்கள்.

“பொம்பிளைப் பிள்ளைக்குக் கிற்றார் எதற்கு?” என்று கேட்பவர்களுக்கு மேரி ஒஸ்போர்னைச் சொல்லுங்கள். 1921இல் அமெரிக்காவில் பிறந்த அவர், சார்லி கிறிஸ்டியனின் வாசிப்பைக் கேட்டு மின்கிற்றாரை எடுத்து, ஜாஸ் கலைஞராகப் பெயர் பெற்றார்.

கலியாணத்தோடு சுவரில் மாட்டப்பட்ட கிற்றார் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இறக்கித் தூசி தட்டுங்கள். தினம் பத்து நிமிடம் போதும்.