டெஸ்ட் டிரைவ் போறீங்களா? முதல்ல பின் சீட்ல உட்காருங்க

1/
போன ஞாயிறு குடும்பத்தோட ஒரு காம்பேக்ட் எஸ்யூவி டெஸ்ட் டிரைவ் போனோம். நான், மனைவி, மூணு வயசு மகள், அம்மா. பழைய சின்ன கார்ல ஏறி இறங்க முழங்கால் வலியோட அம்மா படுற பாடுதான் வண்டி மாத்துற யோசனைக்கே காரணம். இதுல சீட் உயரமா இருக்கு. அம்மா அலுங்காம ஏறி உட்கார்ந்தாங்க. அதுவரைக்கும் சந்தோஷம்.

2/
ஷோரூம் தம்பி பத்து நிமிஷம் பேசினார். சன்ரூஃப், பெரிய திரை, போன்லயே ஏசி போடுற வசதி. கடைசியா, "பாப்பாவை சன்ரூஃப்ல நிக்க வைங்க சார், ஒரு போட்டோ எடுத்துக்கலாம்"னு சொன்னார்.

நான் பின் சீட்ல உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தேன். பெல்ட் வந்துச்சு. மாட்டுறதுக்கு பக்கிளைக் காணோம். புது சீட் கவருக்கு அடியில புதைஞ்சு கிடக்கு!

"பின்னாடி யாரும் போடுறதில்ல சார்"னு சிரிச்சார்.

அந்தத் தம்பி மேல எனக்குக் கோபம் இல்லை. அவர் உண்மையைத்தான் சொன்னார். கோபம் நம்ம மேல.

3/
நானும் பெரிய யோக்கியன் இல்லை. மகள் பிறந்த புதுசுல மனைவி முன் சீட்ல, மகள் அவங்க மடியில. அப்படித்தான் ஊருக்குப் போய் வந்தோம். டாக்டர் வீட்டு லட்சணமே இதுதான்.

மாத்தினது ஒரு நைட் டியூட்டி. கேஷுவாலிட்டிக்கு ஒரு குடும்பம் வந்தது. அப்பா அம்மாவுக்கு சிராய்ப்பு மட்டும். அம்மா மடியில இருந்த குழந்தைக்குத் தலையில் பலத்த அடி. "கெட்டியாத்தான் சார் பிடிச்சிருந்தேன்" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

அவங்க பொய் சொல்லல. ஆனா பிடிக்கவே முடியாது. அதுதான் விஷயம்.

4/
கணக்கு போட்டுப் பாருங்க. 50 கி.மீ வேகத்துல போற கார் மோதி 0.1 நொடியில நின்னுச்சுன்னா, 10 கிலோ குழந்தை உங்க கையை சுமார் 140 கிலோ எடையோட இழுக்கும். ஜிம்முக்குப் போற மாமாவாலயும் முடியாது. 50 கி.மீ வேகத்துல மோதுறது, மூணாவது மாடியில இருந்து விழறதுக்குச் சமம். மாடியில குழந்தையைக் கைப்பிடிச் சுவர் மேல நிக்க வைப்போமா?

முன் சீட்ல மடியில வெச்சிருந்தா இன்னும் மோசம். கண் சிமிட்டுறதுக்குள்ள விரியுற ஏர்பேக், குழந்தையை உங்க மேலயே அறையும். உங்களைக் காப்பாத்த வெச்ச பொருள் உங்க பிள்ளைக்கு எமன்.

5/
"பெரியவங்க பெல்ட்டையே பிள்ளைக்கும் போட்டுடலாமே டாக்டர்?"

கூடாது. பெல்ட் இடுப்பு எலும்பு மேலயும் தோள்பட்டை எலும்பு மேலயும் படியணும். குட்டிப் பிள்ளைக்கு அது வயித்துலயும் கழுத்துலயும் படியும். மோதும்போது குடல் கிழியலாம், முதுகெலும்பு முறியலாம். கைக்குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்த சைல்டு சீட், அப்புறம் முன்பக்கம் பார்த்தது, 135 செ.மீ உயரமாவது வர்ற வரைக்கும் பூஸ்டர் சீட். எல்லாமே பின்னாடிதான்.

கர்ப்பிணிகளும் பெல்ட் போடணும். கீழ்ப்பட்டை வயித்துக்கு மேல இல்ல, வயித்துக்குக் கீழ, தொடையை ஒட்டி.

6/
"நாங்க டவுனுக்குள்ள மெதுவாத்தான் போறோம்." மேலே போட்ட கணக்கு 50 கி.மீ வேகத்துக்குத்தான்.

"பின் சீட்டுக்கு எதுக்கு?" 2022 செப்டம்பர்ல பால்கர் பக்கத்துல விபத்துல இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி, விலை உயர்ந்த கார்லதான் போனார். பின் சீட், பெல்ட் போடலன்னு காவல்துறை சொன்னது. பெல்ட் போடாத பின் சீட் ஆள், முன் சீட்ல இருக்கிறவரையும் இடிச்சுக் கொல்லலாம்.

"ஃபைன் போட மாட்டாங்க." சட்டம் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 194பி: 14 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லன்னா 1000 ரூபாய் அபராதம். போலீஸ் பிடிக்கலன்னு விட்டுட்டா, மோதுறப்ப இயற்பியல் விடாது.

7/
இப்ப விக்கிறவங்களுக்கு. ஃப்ளோர் மேட், சீட் கவர், குரோம் பட்டைன்னு அக்சஸரி லிஸ்ட் நீளமா நீட்டுறீங்க. அதுல சைல்டு சீட்டை முதல் வரியில போட என்ன தடை? சீட் பெல்ட் அலாரத்தை ஏமாத்துற போலி கிளிப்பை விக்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-லயே அஞ்சு ஆன்லைன் தளங்களுக்கு உத்தரவு போட வேண்டி வந்துச்சு. உசுரைக் காப்பாத்துற சத்தத்தை நிறுத்தக் காசு கொடுத்து கிளிப் வாங்குற சமூகம் நாம!

8/
2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள்ள இருக்கிற சின்ன இன்ஜின் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். மிச்சமான காசுல சன்ரூஃப் உள்ள வேரியன்ட்டுக்கு தாவுறோம். அதுல ஒரு பங்கு எடுத்தாலே சைல்டு சீட் வாங்கிடலாம்.

9/
டெஸ்ட் டிரைவ் போறவங்க இதை மட்டும் செய்யுங்க:

- பின் சீட்ல மூணு பேரும் உட்கார்ந்து மூணு பெல்ட்டையும் மாட்டிப் பாருங்க. நடு சீட்டுக்குத் தோள் பட்டை இருக்கா, இடுப்புப் பட்டை மட்டும்தானா?
- சீட் இடுக்குல கையை விட்டு ஐசோஃபிக்ஸ் கம்பியைத் தேடுங்க. சைல்டு சீட் அதுலதான் பூட்டும்.
- ஏர்பேக் எத்தனைன்னு நீங்க வாங்கப் போற வேரியன்ட்டுக்குக் கேளுங்க. டெமோ வண்டிக்கு இல்ல.
- பாரத் என்கேப்ல (2023 அக்டோபர்ல தொடங்கினது) பெரியவங்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி ஸ்டார். ரெண்டையும் பாருங்க.
- சீட்டுக்குள்ள சைடு ஏர்பேக் இருந்தா, அதை மறைக்கிற சீட் கவர் வேண்டாம்.
- வீட்டுப் பெரியவங்களை மூணு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்க.

மைலேஜை அப்புறம் கேட்டுக்கலாம்.

10/
தமிழ்நாட்டுல விபத்துல அடிபட்டா முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை "இன்னுயிர் காப்போம்" திட்டத்துல அரசு ஏத்துக்குது. நல்ல திட்டம். நாங்க ராத்திரி பகலா கூட நிக்கிறோம். ஆனா அந்த 48 மணி நேரத்துக்கு முன்னாடி ஒரு 0.1 நொடி இருக்கு. அங்க நாங்க இல்ல. பெல்ட் மட்டும்தான் இருக்கும்.

நான் இன்னும் வண்டி புக் பண்ணல. சீட் கவரைக் கழட்டிட்டுக் கூப்பிடுறேன்னு தம்பி சொல்லியிருக்கார். சைல்டு சீட்டைக் கையோட எடுத்துட்டுப் போறேன்.

இன்னைக்கு உங்க கார் பின் சீட்ல பக்கிள் எங்கே இருக்குன்னு தேடிப் பாருங்க. சீட் கவருக்கு அடியில இருந்தா, வெளிய எடுத்து விடுங்க.