தத்துவம்: தேர்வுக்கா, வாழ்வுக்கா?

தத்துவம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருடைய மனத்தில் மூன்று காட்சிகள்தாம் தோன்றும். ஒன்று, தாடி வளர்த்த கிரேக்கப் பெரியவர். இரண்டு, காவி உடுத்திக் கண்மூடி அமர்ந்திருக்கும் துறவி. மூன்று, காதலில் தோற்ற கதாநாயகன் பாடும் சோகப் பாடல். "தத்துவம் பேசாதே" என்று நண்பனைக் கிண்டல் செய்யாத மாணவர் நம்மிடையே உண்டா?

பல்கலைக்கழகம் எனக்கு நான்காவதாக ஒரு காட்சியையும் காட்டியது. 2019ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் 'ஃபல்சாஃபா டான் இசு செமாசா', அதாவது தத்துவமும் நடப்பு விவகாரங்களும் என்ற பாடம், கட்டாயப் பொதுப் பாடங்களுள் ஒன்றாக அறிமுகம் கண்டது. வேதியியல் பொறியியல் படிக்கச் சென்ற நானும் முதலாம் ஆண்டிலேயே அதை எடுத்தேன். மெத்தாஃபிசிக் என்றால் என்ன, எபிஸ்தெமோலோஜி என்றால் என்ன, எத்திக்கா என்றால் என்ன என்பதற்கான விளக்கங்களை விரிவுரைக் குறிப்புகளிலிருந்து மலாய் மொழியில் வரிக்கு வரி மனப்பாடம் செய்தேன். 'ஏ' கிடைத்தது. குறிப்புகளைப் பழைய தாள்களோடு போட்டுவிட்டேன். தத்துவத்தோடு எனக்கிருந்த தொடர்பு அத்துடன் முடிந்தது என்றே நினைத்தேன்.

2021ஆம் ஆண்டு. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் வீட்டில் அடைந்து கிடந்த காலம். வகுப்புகள் எல்லாம் இயங்கலையில் நடந்தன. பி.டி.பி.டி.என். கடன் பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்திருந்தது. எனக்கு நன்கு அறிமுகமான மூத்த மாணவர் ஒருவர் ஒரு முதலீட்டுத் திட்டத்தைப் பற்றிச் சொன்னார். மாதந்தோறும் 15 விழுக்காடு இலாபமாம். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி 2,000 ரிங்கிட் போட முடிவு செய்தேன். அன்றிரவு சாப்பிடும்போது அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அம்மா மூன்றாம் படிவம் வரை படித்தவர். தொழிற்சாலைச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்பவர். அவர் என்னிடம் மூன்றே கேள்விகள் கேட்டார்.

"அது என்னா வியாபாரம்யா? எத வாங்கி எத விக்கிறாங்க?"

"லாபம் வருதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒனக்குக் குடுக்கப் போற காசு, யாரோட காசு?"

நான் சொன்ன பதிலை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "இதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா" என்றேன். அம்மா மேற்கொண்டு எதுவும் பேசவில்லை.

முதல் மாதம் 300 ரிங்கிட் வந்தது. இரண்டாம் மாதமும் வந்தது. இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று எண்ணினேன். உடன் படித்த நண்பர்கள் இருவரிடம் சொன்னேன், அவர்களும் சேர்ந்தார்கள். அடுத்த மாதம் பணம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அந்தப் புலனக் குழுவே காணாமற் போனது. எனக்கு 1,400 ரிங்கிட் நட்டம். நண்பர்களுக்கோ போட்டது முழுவதும் நட்டம். பகுதி நேர வேலை செய்து ஒருவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மற்றவர் வாங்க மறுத்துவிட்டார். அவர் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை.

பல மாதங்கள் கழித்து, பழைய தாள்களை ஒழுங்குபடுத்தும்போது அந்தத் தத்துவக் குறிப்புகள் கையில் அகப்பட்டன. மெத்தாஃபிசிக்: உண்மையில் இருப்பது எது? எபிஸ்தெமோலோஜி: ஒன்றை அறிந்திருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது? எத்திக்கா: எது சரி, எது தவறு? அம்மாவின் மூன்று கேள்விகளை இவற்றோடு பொருத்திப் பாருங்கள். எத வாங்கி எத விக்கிறாங்க? எப்படித் தெரியும்? யாரோட காசு? நான் 'ஏ' வாங்கிய பாடத்தின் மூன்று பிரிவுகளையும் அம்மா சாப்பாட்டு மேசையில் கேட்டுவிட்டிருந்தார். பாடத்தில் தேறிய என்னால் அந்தக் கேள்விகளை அடையாளம்கூடக் காண முடியவில்லை!

இங்குதான் என் கருத்து பிறக்கிறது. தத்துவம் என்பது விளக்கங்களின் தொகுப்பன்று. அது கேள்வி கேட்கும் பழக்கம். பழக்கத்தை மனப்பாடம் செய்ய முடியாது. அன்றாட வாழ்வில், அதுவும் நாம் சிந்திக்கும் மொழியில், பயின்றால்தான் அது கைவரும்.

இந்தப் பழக்கம் தமிழுக்குப் புதியதா? இல்லவே இல்லை. மணிமேகலைக் காப்பியத்தில் 30 காதைகள் உள்ளன. 27ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி மாநகரில் அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாகப் பத்துச் சமயக் கணக்கர்களின் கொள்கைகளைக் கேட்கிறாள். அதற்கு முந்தைய காதையில் அவளுக்கு ஓர் அறிவுரை கிடைக்கிறது: நீ இளையவள், பெண், ஆகவே எவரும் உனக்குத் தம் கொள்கையை விளக்கமாட்டார்கள், வேற்றுருக் கொள் என்பது அந்த அறிவுரை. அவளும் தவசியின் உருவில் சென்றே கேட்கிறாள். அறிவைத் தேடி வேடம் மாற வேண்டியிருந்தது அவளுக்கு. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆயினும் நாம் கேட்கிறோமா?

கண்ணால் காண்பதே உண்மை என்று வாதிடும் பூதவாதியிடம் அவள் எழுப்பும் கேள்வி மிகக் கூர்மையானது. உன் தாய் தந்தையர் இவர்தாம் என்பதைக் கருதி உணர்ந்தாயேயன்றி வேறு எவ்வகையில் அறிந்தாய் என்று கேட்கிறாள். காண்டல் மட்டும் போதாது, கருதலும் வேண்டும் என்பது இதன் பொருள். அந்தக் கருதலிலும் பிழை நேரலாம் என்பதை 29ஆம் காதையில் அறவண அடிகள் விளக்குகிறார். தெரிவது புகையா பனியா எனத் தெளியாமலே நெருப்பு உண்டு என்று முடிவு கட்டுவதும் அவர் காட்டும் பிழைகளுள் ஒன்று. இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு வந்த 300 ரிங்கிட்டை நான் கண்டது உண்மை. அது இலாபமா, எனக்குப் பின் சேர்ந்தவர்கள் போட்ட பணமா என்று தெளியாமலே வியாபாரம் உண்டு என்று துணிந்தேனே! புகையா பனியா என்று ஒரு கணம் நின்றிருந்தால் என் நண்பர்களையாவது காப்பாற்றியிருப்பேன்.

அம்மாவின் மூன்றாவது கேள்வி இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. என் கைக்கு வரும் காசை மட்டும் பார்க்காதே, அது புறப்படும் இடத்தையும் பார் என்கிறது. முழுமைச் சிந்தனை என்பது இதுதான். ஒரு பொருளைத் தனித்துப் பார்க்காமல், அது எங்கிருந்து வருகிறது, எங்குச் செல்கிறது, இடையில் யாரைத் தொடுகிறது என்று சேர்த்துப் பார்ப்பது.

நமக்கெல்லாம் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2020 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் ரவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்து துர்நாற்றம் வீசியது. அதனால் சிலாங்கூரில் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்கு நீர் விநியோகம் தடைப்பட்டது. எங்கள் வீட்டிலும் குழாயில் நீர் இல்லை. அண்டை வீட்டாரோடு நானும் வாளி தூக்கி லோரிக்குக் காத்து நின்றேன்.

அதே வேளையில் நான் கழிவு நீரைச் சுத்திகரிக்கும் முறைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் வேடிக்கை. நீரில் எது கலந்தது என்பது வேதியியல் மாணவரின் கேள்வி. எப்படி அகற்றுவது என்பது என் கேள்வி. என்ன தண்டனை என்பது சட்ட மாணவரின் கேள்வி. கழிவை முறையாக அகற்ற எவ்வளவு செலவாகும் என்பது கணக்கியல் மாணவரின் கேள்வி. முதுகு வலியோடு வாளி தூக்கும் பாட்டியின் சிரமம் யாருடைய பாடம்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புலம் இருக்கிறது. ஆறு முழுவதையும் பார்க்கும் பொறுப்பு எந்தப் புலத்துக்கும் இல்லை. நாம் துறை அறிவில் வளர்ந்திருக்கிறோம். துறைகளுக்கு இடையில் ஓடும் ஆற்றைத்தான் காணத் தவறுகிறோம்.

1988ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட நம் தேசியக் கல்வித் தத்துவமும் இதையே வலியுறுத்துகிறது. மாணவரின் அறிவாற்றல், ஆன்மிகம், உள்ளம், உடல் ஆகிய நான்கும் முழுமையாகவும் ஒருங்கிணைந்தும் வளர வேண்டும் என்கிறது அது. ஆனால் புள்ளிகளை மட்டுமே எண்ணிப் பழகிய நாம் அந்த நான்கையும்கூடத் தேர்வுக்குரிய நான்கு சொற்களாக மாற்றிவிட்டோம்.

"தத்துவம் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று சிலர் கேட்கலாம். கிடைக்காமல் போகலாம். ஆனால் கிடைத்த வேலையில் எதைச் செய்வது, எதைச் செய்ய மறுப்பது என்பதற்கு வேறு எந்தப் பாடம் துணை நிற்கும்? ஆற்றில் கழிவைத் திறந்துவிடும் குழாயை வடிவமைக்கும் வாய்ப்பு என்னைப் போன்ற பொறியியலாளருக்குத்தானே வரும்! "சமயம் இருக்கும்போது தத்துவம் எதற்கு?" என்று வேறு சிலர் கேட்கலாம். எவர் சொன்னாலும் அதன் உண்மையைக் காண்பதே அறிவு என்ற கருத்தை 43ஆம் அதிகாரத்தில் வைத்தவர் நம் வள்ளுவர். கேள்வி கேட்பதால் நம்பிக்கை குலையாது. கேட்டுத் தெளிந்த நம்பிக்கையே உறுதியாக நிற்கும். தத்துவம் படித்தவர் ஏமாறவே மாட்டார் என்றும் நான் சொல்லவில்லை. ஏமாறும்போது அடுத்தவரையும் இழுத்துக்கொண்டு விழுவதையாவது அது தடுக்கும்.

சரி, என்ன செய்யலாம்? நம் தமிழ்ப் பேரவைகள் சொற்போர், பட்டிமன்றம், பேச்சுப் போட்டி எனப் பலவற்றைச் சிறப்பாக நடத்தி வருகின்றன. நானும் மேடை ஏறியவன்தான். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நமக்குக் கொடுக்கப்பட்ட பக்கத்தை வெல்ல வைக்கத்தான் மேடை கற்றுத் தந்தது; நம் பக்கம் தவறாக இருக்குமோ என்று ஐயப்படக் கற்றுத் தரவில்லை. அன்று அம்மாவிடமும் நான் சொற்போர்தான் நடத்தினேன். வென்றதாகவும் நினைத்தேன்.

சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார் அந்நூலைப் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளாக அமைத்தார். பிறர் கொள்கையை எடுத்துச் சொல்லி ஆராய்ந்த பிறகே தம் கொள்கையை நிறுவுகிறார். இந்த முறையை நம் மேடைக்குக் கொண்டுவரலாமே. சொற்போர் முடிந்ததும் 15 நிமிடம் ஒதுக்குவோம். ஒவ்வோர் அணியும் எதிரணியின் மிக வலுவான கருத்து எது என்பதை, எதிரணியே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லட்டும். எந்த இடத்தில் தம் எண்ணம் அசைந்தது என்பதையும் சொல்லட்டும். இதற்குப் பரிசு வேண்டாம், புள்ளியும் வேண்டாம்.

இரண்டாவதாக, மாதம் ஒரு முறை வெவ்வேறு புலங்களைச் சேர்ந்த ஆறேழு மாணவர்கள் தேநீரோடு வட்டமாக அமர்வோம். அந்த வாரம் நம் வாழ்வைத் தொட்ட ஒரே ஒரு விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். நீர்த் தடையாக இருக்கலாம், கடனாக இருக்கலாம், புலனத்தில் வந்த ஒரு செய்தியாகவும் இருக்கலாம். அம்மாவின் மூன்று கேள்விகளையும் தமிழில் கேட்போம். பாடத்தில் மலாய் மொழியில் கற்றதை நாம் வளர்ந்த மொழியில் சிந்தித்துப் பார்க்கும் இடத்தைத் தமிழ்ப் பேரவையைவிட வேறு யார் தர முடியும்?

இப்போது நான் பட்டதாரி. கடனைச் சிறிது சிறிதாகக் கட்டி வருகிறேன். அதில் அந்த 1,400 ரிங்கிட்டும் அடக்கம். அதைத் தத்துவ வகுப்புக்குக் கட்டிய கட்டணமாக எண்ணிக்கொள்கிறேன். ஆனால் என் நண்பன் இழந்த பணத்தை அப்படி எண்ண எனக்கு உரிமை இல்லை. அவன் இந்த இதழை வாங்குவான் என்று தெரியும். நண்பா, அன்று நீ கேட்க வேண்டிய கேள்விகளை நான் உனக்காகக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மன்னித்துவிடு.

மாணவ நண்பர்களே, இன்றிரவு வீட்டுக்கு அழைத்துப் பேசும்போது பெற்றோர் ஏதாவது கேள்வி கேட்டால், உங்களுக்குப் புரியாது என்று சொல்வதற்கு முன் ஒரு கணம் நில்லுங்கள். அந்தக் கேள்விக்கு நம்மிடம் உண்மையிலேயே பதில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். தத்துவம் அங்கிருந்தே தொடங்கட்டும்.