பாட்டன் துப்பாக்கியும் பேரன் பாசமும்

அமெரிக்காவில் தகப்பன் சிறுவயதில் சுட்டுப் பழகிய துப்பாக்கியை மகனுக்குப் பிதுரார்ஜிதமாய்க் கொடுப்பதைப் பெரிய பாசமென்று கொண்டாடுகிறார்கள். பாட்டன் கைபட்டதால் இரும்புக்குப் புத்தி வந்துவிடுமா என்று கேட்கிறோம். 2013-ல் கெண்டக்கி மாகாணத்தில், பரிசாய்க் கிடைத்த சிறுவர் துப்பாக்கியால் 5 வயதுப் பையன் தன் 2 வயதுத் தங்கையைத் தெரியாமல் சுட்டுக் கொன்றான். உள்ளே தோட்டா தங்கியிருந்ததை வீட்டார் அறியவில்லையாம்! 2020-ல் அந்நாட்டில் 1 முதல் 19 வயது வரையுள்ளோர் சாவுக்கு, மோட்டார் விபத்தையும் மீறித் துப்பாக்கியே முதற்காரணமாயிற்று.

ஞாபகார்த்தந்தான் வேண்டுமென்றால், சுடமுடியாதபடி குழலை அடைத்துச் சுவரில் மாட்டட்டுமே! அதனால் பாசம் குறைந்துவிடுமா? குறையுமென்பார்களானால், அவர்கள் போற்றுவது பாட்டனையல்ல, தோட்டாவையேயாகும் என்று சொல்லுவோம்.