பங்கும் மஹல்லாவும்

கொஞ்சம் நீளமான பதிவு, நோன்பு திறந்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

இரண்டு கிழமையாக எங்கள் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு கதை ஓடுகிறது. அயலில் உள்ள ஓர் அங்கிலிக்கன் ஆலயத்தின் மண்டபத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பின்னேரம் கணித வகுப்பு நடக்கிறது. காசு வாங்குவதில்லை. சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் போகிறார்கள். எங்கள் பிள்ளைகளிலும் நாலைந்து பேர் போகிறார்கள். அவர்களை நிறுத்த வேண்டும் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். இன்றைக்குக் கணக்கு, நாளைக்கு பைபிள் என்பது அவர்களின் வாதம். ஒரு சகோதரர், "இலவசமாக யார் என்ன தந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கும்" என்று குரல் பதிவு போட்டிருந்தார். கணித வகுப்பைப் பற்றிய பேச்சில் அது தற்செயலாக நல்ல பகிடியாகவும் அமைந்துவிட்டது.

நாங்கள் என்று இங்கே எழுதுவது, இந்தப் பக்கத்துப் பாடசாலைகளில் படிப்பிக்கிற சில முஸ்லிம் ஆசிரியைகள். பள்ளிவாசல் நிர்வாக சபைக் கூட்டத்தில் எங்களுக்கு இருக்கை இல்லை. அதனால்தான் முகநூலில் எழுதுகிறோம்.

பிள்ளைகளை நிறுத்தக் கூடாது என்பது எங்கள் கருத்து. ஆனால் பயப்படுகிறவர்களை முட்டாள்கள் என்று சொல்ல நாங்கள் தயாரில்லை. அந்தப் பயத்துக்கு இந்த மண்ணிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1818இல் இலங்கைக்கு வந்த சர்ச் மிஷனரி சங்கத்தின் முதல் குழுவில் ஒருவரான ஜோசப் நைட் யாழ்ப்பாணத்தில், நல்லூரில்தான் வேலை தொடங்கினார். 1823இல் அங்கே ஆரம்பித்த ஆங்கிலப் பாடசாலைதான் பிறகு சுண்டுக்குளிக்குப் போய், இன்றைக்குச் சென் ஜோன்ஸ் கல்லூரியாக நிற்கிறது. அந்தக் காலத்து மிஷனரிமார் படிப்பை மட்டும் கொடுக்க வரவில்லை. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. மதம் மாற்றுவது அவர்களுடைய வெளிப்படையான நோக்கம்.

அதற்கு எங்கள் சனம் என்ன செய்தது என்பதையும் பாருங்கள். ஆறுமுக நாவலர் பிள்ளைகளை மறித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். எங்கள் பக்கத்தில் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தி, முஸ்லிம்கள் படிக்க வேண்டும் என்று எழுதி எழுதிக் களைத்தார். பிறகு 1892இல் கொழும்பில் பிற்காலத்து ஸாஹிறாக் கல்லூரிக்கு அத்திவாரம் விழுந்தது. எதிர்த்தவர்கள் தாங்களும் ஒரு கரும்பலகையை மாட்டிவிட்டுத்தான் எதிர்த்தார்கள். எங்கள் குழுமத்தில் எழுதுகிறவர்களிடம் அந்தக் கரும்பலகை எங்கே என்று கேட்க விரும்புகிறோம்.

மற்ற மதத்தாரின் வாங்கிலில் இருந்து படித்தால் ஈமான் போய்விடும் என்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறோம். ஏ. எம். ஏ. அஸீஸ், 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். படித்தது வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர்தான். பிறகு ஸாஹிறாவுக்கு அதிபராகப் போய் அந்தக் கல்லூரியை உயர்த்தினார். ஏழை முஸ்லிம் மாணவர்களுக்கு என்று புலமைப்பரிசில் நிதியையும் உருவாக்கினார். சைவப் பள்ளிக்கூடம் அவரைச் சைவராக்கவில்லை. தன் சமூகத்துக்கு எது இல்லை என்பதை அங்கே கண்டிருப்பார் என்று நாங்கள் நினைக்கிறோம்.

சரி, இந்த அங்கிலிக்கன்காரர் யார்? இலங்கைத் திருச்சபை என்பது அவர்களுடைய பெயர். அமெரிக்காவில் இதே குடும்பத்துச் சபையை எபிஸ்கோப்பல் என்கிறார்கள், ஆயர்கள் வழிநடத்தும் சபை என்று பொருள். கத்தோலிக்கரோடும், வட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபையோடும் எங்கள் ஆட்கள் இவர்களைப் போட்டுக் குழப்புவது வழக்கம். யாழ்ப்பாணத்தில் சிறிய கூட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறவர்களைவிட எங்கள் ஜும்ஆவில் ஒரு சஃப்பில் கூடுதலாக நிற்பார்கள் என்று சொல்லக்கூடிய ஆலயங்களும் உண்டு. அவ்வளவு சிறிய கூட்டம் எப்படி அயலில் இவ்வளவு தெரிகிறது?

கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் எங்களோடு படித்த ஓர் அங்கிலிக்கன் சகோதரி இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். அவர்களுடைய பங்கு என்பது அங்கத்தவர் பட்டியல் அல்லவாம், நிலமாம். இங்கிலாந்தில் பழைய காலத்திலிருந்தே ஒவ்வொரு துண்டு நிலமும் ஏதோ ஒரு பங்கின் எல்லைக்குள் வரும். அந்த எல்லைக்குள் குடியிருப்பவர் கோவிலுக்கு வந்தாலும் வராவிட்டாலும் அவருடைய சுகதுக்கத்துக்குக் குருவானவர் பொறுப்பு. இலங்கையில் அந்தச் சட்டமும் அதிகாரமும் கிடையாது. ஆனால் நல்ல குருவானவர்களிடம் அந்தப் பழக்கம் மிஞ்சியிருக்கிறது என்றார் அவர். ஒழுங்கையில் யார் வீட்டில் நோயாளி, யார் வீட்டில் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் மஹல்லா அப்படியில்லை. மஹல்லா என்றால் சந்தாப் புத்தகம். சந்தா கட்டுகிறவருக்குக் கலியாணக் கடிதம் கிடைக்கும், ஜனாஸாவுக்கு ஆட்கள் வருவார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. 1990இல் சிதறுண்டு, புத்தளத்திலும் கொழும்பிலும் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்த எங்களைப் போன்ற சமூகத்துக்கு அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் யார் எங்கே என்றே தெரியாது. ஆனால் அந்தப் புத்தகத்தில் பக்கத்து வீட்டுச் சைவ அம்மாவின் பெயர் இல்லை. அவ படுக்கையில் விழுந்து மூன்று மாதமாகியும் எங்கள் பள்ளிவாசலுக்குத் தெரியாது.

அயலான் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறு நிறைய உண்பவனைப் பற்றிய நபிமொழி எங்கள் மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அதில் அயலானின் மதம் சொல்லப்படவில்லை. நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவத் தூதுக்குழுவை நபி (ஸல்) அவர்கள் மதீனாப் பள்ளிவாசலிலேயே வரவேற்றதை ஸீராவில் படிப்பிக்கிறோம். ஸகாத்துக்குச் சட்டம் உண்டு, அதை உலமாக்கள் சொல்லட்டும். ஸதகாவுக்கு அந்த வேலி இல்லை.

அங்கிலிக்கன் சபை செய்த வேலைகளில் எங்களுக்குப் பிடித்தது பெரிய கல்லூரிகள் அல்ல. கைதடியில் இருக்கிற நஃபீல்ட் பாடசாலை. காது கேளாத, கண் பார்வையற்ற தமிழ்மொழிப் பிள்ளைகளுக்காக 1956இல் தொடங்கியது. அதன் தாய் இரத்மலானைப் பாடசாலை. அதை 1912இல் தொடக்கி வைத்தவர் மேரி சாப்மன் என்ற மிஷனரிப் பெண். காது கேளாத பிள்ளை ஒன்றுக்குச் சைகை மொழியில் தன் பெயரைச் சொல்லப் பழக்குவதற்கு எத்தனை மாதம் போகும் என்பது படிப்பிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அந்த வேலையில் மேடையும் இல்லை, பொன்னாடையும் இல்லை. யுத்தம் நடந்த ஆண்டுகளையும் தாண்டி அது நிற்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, தன் இனத்தவர் செய்ததற்காக வெட்கப்பட்டு வாய் திறந்து பேசிய சிங்களத் தலைவர்களில் ஒருவர் குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்ஹ. யாழ்ப்பாணத்துக்கும் வந்து சனத்தோடு கதைத்தார். அந்த வருடம் ஒக்டோபரிலேயே காலமானார். இன்றைக்குத் தமிழ் அரசியல் கைதிகளின் விடுதலைக்காகக் குரல் கொடுக்கிற அருட்தந்தை மா. சத்திவேலும் அங்கிலிக்கன் குருவானவர்தான். கொரோனாக் காலத்தில் எங்கள் ஜனாஸாக்களை வலுக்கட்டாயமாக எரித்தார்கள். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியில் எங்கள் அந்த வேதனையும் ஒரு கோரிக்கையாக வந்தது. அப்போது மற்ற மதத்தவர் எங்களுக்காகத் தெருவில் நின்றதை நாங்கள் மறக்கக் கூடாது.

இவர்களை மலக்குகள் ஆக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களுக்குள்ளும் சாதி இருக்கிறது, ஆங்கிலப் படிப்பின் பெருமையும் இருக்கிறது. எங்களில் ஒருவர் கொக்குவிலில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது 'சோனக ஆட்களுக்குக் குடுக்கிறேல்லை' என்று சொன்ன படலைகளில் சிலுவை தொங்கிய படலையும் ஒன்று. 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் எங்கள் பெற்றோர் வெளியேற்றப்பட்டபோது அழுத அயலவர்களும் உண்டு, கதவைச் சாத்திக்கொண்டவர்களும் உண்டு. அவர்களில் எல்லா மதத்தவரும் இருந்தார்கள் என்று எங்கள் உம்மாமார் சொல்வார்கள்.

அந்த முப்பது வருட இடைவெளி விட்டுப்போன பள்ளம் எங்கள் வகுப்பறையில் தெரிகிறது. "ரீச்சர், நீங்கள் புத்தளமோ?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அஸீஸ் பிறந்த ஊர் இது, எங்கள் மூத்தவாப்பாவின் கடை இருந்த ஊர் இது என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு யார் சொல்வது? அயலவர் உள்ளே வந்து பார்க்காத ஒரு கட்டடம்தான் அவர்களுக்குப் பள்ளிவாசல். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு வந்த கிழமைகள் ஞாபகம் இருக்கும். கடைக்குப் போனாலே பார்வை மாறியிருந்தது. எங்களோடு வந்து கதைத்தவர்கள் யார்? ஏற்கெனவே எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள்தான். அந்த நேரத்தில் போய் நல்லிணக்கக் கூட்டம் வைத்துப் புதிதாக ஒருவரையும் சம்பாதிக்க முடியவில்லை.

எங்களிடமும் அயலுக்கான நிகழ்ச்சி இருக்கிறதே, இப்தார் வைக்கிறோமே என்பீர்கள். வைக்கிறோம். பனர் கட்டுகிறோம். பிரதேச செயலகத்திலிருந்தும் பொலிஸிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், குருக்களும் குருவானவரும் முன்வரிசையில் இருக்கிறார்கள், போட்டோ எடுக்கிறோம், கஞ்சி குடிக்கிறோம். மறுநாள் போட்டோ முகநூலில். பள்ளிவாசலுக்குப் பின்பக்க ஒழுங்கையில் இருக்கிற தச்சு வேலைக்காரக் குடும்பத்துக்கு அழைப்பில்லை. அவர்கள்தான் ஐந்து நேரமும் எங்கள் பாங்கு கேட்கிறவர்கள்.

இனி, அந்தக் கணித வகுப்பு. வட்ஸ்அப்பில் எழுதுவதற்கு முதல் நாங்கள் மூன்று பேர் போய்ப் பார்த்தோம். பழைய ஓட்டு மண்டபம், ஆடுகிற மின்விசிறி ஒன்று, நீள வாங்குகள். படிப்பிக்கிறவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், அவர் சைவர். வரவுப் புத்தகம் ஒழுங்காக இருக்கிறது. வராத பிள்ளையின் வீட்டுக்கு மறுநாள் ஒருவர் போய் விசாரிக்கிறார். ஜெபம் வைத்து வகுப்பைத் தொடங்குவதில்லை. சுவரில் சிலுவை இருக்கிறது, ஆலய மண்டபம் என்றால் இருக்கத்தானே செய்யும். இந்த வருடம் அவர்களுடைய தவக்காலமும் எங்கள் நோன்பும் ஒரே கிழமையில் தொடங்கின. எங்கள் பிள்ளை ஒன்று நோன்போடு களைத்திருப்பதைக் கண்டு, மஃரிபுக்கு முன் வீடு போய்ச் சேர வசதியாக வகுப்பை முக்கால் மணித்தியாலம் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற தேநீரையும் நோன்பு முடியும்வரை நிறுத்தியிருக்கிறார்கள், எல்லோருக்கும். நாங்கள் அதைக் கேட்கவில்லை.

சந்தேகம் தீராத பெற்றோர் ஒரு நாள் போய்ப் பின்வாங்கில் இருந்து பார்க்கலாம், குருவானவர் தடுக்கமாட்டார். தாய்மார் முறைபோட்டு ஒவ்வொரு நாளும் ஒருவர் போனால் இன்னும் நல்லது.

எங்கள் கோரிக்கை வேறு. எங்கள் பள்ளிவாசலோடு சேர்ந்த மத்ரஸா அறை, காலையில் பிள்ளைகள் ஓதிவிட்டுப் போனால் மறுநாள் வரை பூட்டித்தான் கிடக்கிறது. மின்விசிறி நாலு, புதிய வெள்ளைப் பலகை, ஒருவர் அன்பளிப்புச் செய்த இருபத்தைந்து கதிரை. பெருநாளுக்குப் பிறகு கிழமையில் இரண்டு நாள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில், அந்த அறையைத் திறந்து தாருங்கள். விஞ்ஞானமும் ஆங்கிலமும் நாங்கள் படிப்பிக்கிறோம், சம்பளம் வேண்டாம். ஒரு நிபந்தனை மட்டும்: ஒழுங்கையில் இருக்கிற எந்தப் பிள்ளையும் வரலாம். கணிதத்துக்கு அங்கே போகிறவர்கள் விஞ்ஞானத்துக்கு இங்கே வரட்டும். பனர் வேண்டாம், திறப்பு விழா வேண்டாம், பிரதம அதிதியும் வேண்டாம்.

சைவப் பிள்ளை பள்ளிவாசல் வளவுக்குள் வர அவர்களுடைய வீட்டில் விடுவார்களா என்று ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. முதல் மாதம் விடமாட்டார்கள். அவர்களுடைய வட்ஸ்அப் குழுமத்திலும் எங்களைப் பற்றி இதே வாதம் ஓடும் என்று நினைக்கிறோம். அதனால் முதல் மாதம் நாங்களே வீடு வீடாகப் போய்க் கேட்போம், அந்தத் தச்சு வேலைக்கார வீட்டிலிருந்து தொடங்கி.

இலங்கைத் திருச்சபை 2006இல் பெண்களைக் குருக்களாகவே திருநிலைப்படுத்தியது. நாங்கள் மிம்பரைக் கேட்கவில்லை. ஓர் அறையின் திறப்பைத்தான் கேட்கிறோம். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாக சபை கூடுவதாக அறிந்தோம். எங்கள் வீட்டு ஆண்கள் கடிதத்தைக் கொண்டுவருவார்கள். கையொப்பமிட விரும்பும் பெற்றோர் வியாழன் இஷாவுக்கு முன் எங்களோடு தொடர்புகொள்ளுங்கள். இதுவரை பதினொரு பேர் போட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர், பிள்ளைகளை நிறுத்த வேண்டும் என்று முதலில் எழுதியவர்கள்.