கொரோனாவும் மாற்றுச் சிறுநீரகமும்: பார்மசிஸ்ட் ஏன் முக்கியம்?

மாற்று உறுப்பு பொருத்தும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டால் கவலை விட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், அதன்பிறகு வாழ்நாள் முழுக்க மாத்திரைக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதைக் கொரோனா காலம் காட்டிவிட்டது.

அப்படி என்ன கணக்கு?

புதிய சிறுநீரகத்தையோ கல்லீரலையோ உடலின் எதிர்ப்பு சக்தி அந்நியப் பொருளாகவே பார்க்கும். அதை அடக்கி வைக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. ரத்தத்தில் டாக்ரோலிமஸ் குறைந்தால் உடல் உறுப்பை நிராகரிக்கலாம். கூடினால் கை நடுங்கும், சிறுநீரகமே பாதிக்கப்படும். அதனால்தான் காலை மாத்திரைக்கு முன்பு ரத்தம் எடுத்து அளவு பார்க்கிறார்கள்.

கொரோனாவில் என்ன சிக்கல்?

2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. பஸ் இல்லை, ரயில் இல்லை. வெளியூர் நோயாளிக்கு மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் கேள்விக்குறியாகின. அவர்களுக்கு மாத்திரை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது.

தொற்று வந்தவர்களுக்குச் சிக்கல் இன்னும் பெரிது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் குறைத்தால் உறுப்புக்கு ஆபத்து, குறைக்காவிட்டால் கிருமிக்குக் கொண்டாட்டம். போதாக்குறைக்கு, கொரோனா சிகிச்சையில் சேர்க்கப்பட்ட ரிட்டோனவிர், டாக்ரோலிமஸைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுத்துவிடும். ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் டாக்ரோலிமஸ் பல மடங்கு எகிறிவிடும். 2021-ல் கருப்பு பூஞ்சை வந்தபோதும் இதே தலைவலிதான். போசகோனசோல் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும். ஆம்போடெரிசின் சிறுநீரகத்தையே பதம் பார்க்கும்.

எந்த மருந்தை எப்போது நிறுத்துவது, எத்தனை நாள் கழித்து எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்று கணக்குப் போட்டு டாக்டருக்குச் சொல்லக்கூடியவர், இதற்கென்றே பயிற்சி பெற்ற மருத்துவமனை பார்மசிஸ்ட்.

நம் ஊரில் நிலைமை?

அமெரிக்காவில் உறுப்பு மாற்றுக் குழுவில் பார்மசிஸ்ட் இடம்பெற வேண்டும் என்று விதிகளே சொல்கின்றன. இங்கே பல மருத்துவமனைகளில் பார்மசிஸ்ட் என்றால் இன்னமும் கவுன்ட்டரில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்தான்.

மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பெற்றுப் பொருத்தும் திட்டம் தமிழகத்தில் முறைப்படி தொடங்கியது 2008-ல். ஆறு ஆண்டு பார்ம்.டி படிப்பு நாட்டில் அறிமுகமானதும் அதே ஆண்டில்தான். உறுப்பு தானத்தில் தமிழகம் நாட்டுக்கே முன்னோடி என்று பெயர் வாங்கிவிட்டது. பார்ம்.டி முடித்தவர்களோ வார்டுக்குள் இடம் கிடைக்காமல் காத்திருக்கிறார்கள்.

உறுப்பு மாற்று அனுமதி பெற்ற ஒவ்வொரு மருத்துவமனையிலும் இதற்கெனத் தனியாக ஒரு பார்மசிஸ்ட் பணியிடம் வேண்டும். அடுத்த பெருந்தொற்று வந்தபிறகு ஆள் தேடினால் நேரம் இருக்காது.

வீட்டில் கவனிக்க வேண்டியது

மாற்று உறுப்பு பெற்றவர் உங்கள் வீட்டில் இருந்தால், ஜுரம், சளிக்கு மெடிக்கலில் தானாக மருந்து வாங்கிப் போட விடாதீர்கள். கிளாரித்ரோமைசின் போன்ற சாதாரண ஆன்டிபயாட்டிக்கும் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். எந்தப் புது மாத்திரையானாலும் முதலில் உறுப்பு மாற்றுக் குழுவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.